சமையல் எரிவாயு உருளையின் சோதனைக் கெடு

சமையல் எரிவாயு உருளையின் சோதனைக் கெடு என்பது, நீர்மப் பெட்ரோலிய வாயு (எல்பிஜி) அடைத்து வழங்கப்படும் எஃகு உருளை (சிலிண்டர்) அடுத்து எப்போது சோதிக்கப்பட வேண்டும் என்பதைக் குறிக்கும் கால வரையறை ஆகும். உருளையின் தலைப்பகுதியிலுள்ள பட்டை ஒன்றின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கங்களும் கொண்ட குறியீடாக இது எழுதப்பட்டிருக்கும். பொதுமக்கள் இதனைக் "காலாவதி தேதி" என அழைப்பர். மருந்து, உணவுப்பொருள் ஆகியவற்றின் காலாவதியைப் போன்றது அன்று இது. கெடு கடந்த உருளை சோதனைக்குச் செல்ல வேண்டும்; தேறினால் மீண்டும் புழக்கத்துக்கு வரும், தேறாவிடில் அழிக்கப்படும்.

இந்தியாவில் வீட்டு உபயோக உருளை நுகர்வோருக்குச் சொந்தமானது அன்று. அதனை வழங்கிய எண்ணெய் நிறுவனமே அதன் உரிமையாளர். எனவே கெடு கடந்த உருளையைச் சோதிப்பதும் கழிப்பதும் நிறுவனத்தின் கடமை. கெடுவைப் பார்த்து வாங்குவதும் முகவரிடம் திருப்பித் தருவதும் நுகர்வோரின் பங்கு. எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லாமல் கடைகளில் விற்கப்படும் சிறு உருளைகள் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கின்றன. அவற்றைச் சோதிக்கும் கடமை நடைமுறையில் யாரிடமும் இல்லை. தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கு போன்ற பகுதிகளில் இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது இன்றியமையாதது.

வரலாறு

இந்தியாவில் சமையல் எரிவாயு விற்பனையை 1955ஆம் ஆண்டு மும்பையில் பர்மா ஷெல் நிறுவனம் தொடங்கியது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் "இண்டேன்" இணைப்பு முதன்முதலாக 1965 அக்டோபர் 22 அன்று கொல்கத்தாவில் வழங்கப்பட்டது. 1970களில் வெளிநாட்டு எண்ணெய் நிறுவனங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டு, இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் ஆகிய பொதுத்துறை நிறுவனங்கள் உருவாயின. இன்று வீடுகளுக்கான எரிவாயுவில் பெரும்பகுதியை இந்த மூன்று நிறுவனங்களே வழங்குகின்றன.

நீண்ட காலம் எரிவாயு இணைப்பு நகர்ப்புற நடுத்தரக் குடும்பங்களின் வசதியாகவே இருந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2007ஆம் ஆண்டு முதல் செயல்படுத்தியது. பின்னர் நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியா நகரில் தொடங்கப்பட்டது. இத்தகைய திட்டங்களால் விறகு அடுப்பை மட்டுமே அறிந்திருந்த சிற்றூர்களுக்கும் மலையடிவாரக் குடியிருப்புகளுக்கும் உருளைகள் சென்று சேர்ந்தன.

இதன் விளைவு சோதனைக் கெடுவிலும் தெரிகிறது. புதிய உருளைக்கு முதல் சோதனை 10 ஆண்டுகளில் வருகிறது. ஆகவே 2007இல் செய்யப்பட்ட உருளை 2017இல் முதல் சோதனையையும் 2022இல் இரண்டாம் சோதனையையும் கடந்திருக்க வேண்டும். 2016இல் செய்யப்பட்ட உருளைக்கு 2026இல் முதல் கெடு வருகிறது.

சட்ட விதிகள்

எரிவாயு உருளைகள் 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட எரிவாயு உருளை விதிகளால் கட்டுப்படுத்தப்படுகின்றன. 2004ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2016ஆம் ஆண்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. இவற்றைச் செயல்படுத்தும் அமைப்பு, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு (பெசோ) ஆகும். உருளையின் தயாரிப்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 3196 என்னும் தரம் பின்பற்றப்படுகிறது.

இவை தவிர, 1955ஆம் ஆண்டு இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்ட 2000ஆம் ஆண்டு எரிவாயு வழங்கல் ஆணையும் உள்ளது. வீட்டு உருளையைக் கடை, உணவகம் போன்ற வணிகப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்வதையும், உரிமம் இல்லாதோர் ஓர் உருளையிலிருந்து மற்றோர் உருளைக்கு எரிவாயுவை மாற்றுவதையும் இவ்வாணை தடை செய்கிறது.

உருளையின் அமைப்பு

வீடுகளில் பயன்படும் சிவப்பு நிற உருளை 14.2 கிலோகிராம் எரிவாயு கொள்ளும். இதன் நீர்க் கொள்ளளவு 33.3 லிட்டர். வெற்று உருளையின் எடை பெரும்பாலும் 15 முதல் 17 கிலோகிராம் வரை இருக்கும். ஒவ்வோர் உருளைக்கும் இந்த எடை சிறிது வேறுபடுவதால், அதன் வெற்று எடை அதன்மீதே எழுதப்பட்டிருக்கும். வணிகப் பயன்பாட்டுக்கு 19 கிலோகிராம் உருளையும், சிறிய தேவைகளுக்கு 5 கிலோகிராம் உருளையும் உள்ளன.

கிண்ணம் போல அழுத்தி வடிவமைக்கப்பட்ட இரண்டு எஃகுப் பாதிகளை நடுவில் பற்றவைத்து உருளை உருவாக்கப்படுகிறது. இதன் முக்கிய உறுப்புகள் பின்வருமாறு:

- உடல்: சில மில்லிமீட்டர் தடிப்பே உள்ள குறைகரி எஃகுத் தகடு.
- அடிவளையம்: உருளையின் உடல் தரையில் படாமல் தாங்கும் வளையம்.
- மேல்வளையம்: வால்வைப் பாதுகாப்பதுடன் தூக்குவதற்குக் கைப்பிடியாகவும் பயன்படுவது. இதனை மூன்று செங்குத்துப் பட்டைகள் உடலுடன் இணைக்கின்றன.
- வால்வு: ரெகுலேட்டரைக் கழற்றியவுடன் தானாக மூடிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. இதனுள் ஒரு ரப்பர் வளையம் இருக்கும்.

உருளைக்குள் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் ஆகிய வாயுக்களின் கலவை ஆகும். வளிமண்டல அழுத்தத்தில் புரொப்பேன் சுழியத்துக்குக் கீழ் 42 பாகை செல்சியசிலும், பியூட்டேன் ஏறத்தாழ சுழியத்துக்கு அரைப் பாகை கீழும் கொதிக்கும். ஆகவே நமது தட்பவெப்பத்தில் இவை நீர்மமாக இருக்க அழுத்தத்தில் அடைபட்டிருப்பதே காரணம். வெயில் ஏற ஏற உள்ளழுத்தமும் ஏறும். ஆனால் ரெகுலேட்டர் வழியாக அடுப்புக்கு வரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் மூன்று பங்கு மட்டுமே. உயர் அழுத்தம் முழுவதையும் தாங்கி நிற்பவை அந்த மெல்லிய எஃகு உடலும் வால்வும்தான்.

உருளையை விளிம்பு வரை நிரப்புவதில்லை. 14.2 கிலோகிராம் எரிவாயு ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இடத்தையே பிடிக்கும். மீதி இடம் ஆவிக்காக விடப்படுகிறது. வெப்பத்தால் நீர்மம் விரியும்போது இவ்விடம் இல்லாவிடில் அழுத்தம் மிக விரைவாக உயர்ந்து உருளை கிழியக்கூடும். எடை பார்த்து நிரப்புவது பாதுகாப்புக்கு அடிப்படையாவது இதனாலேயே.

சோதனை ஏன் தேவை

எரிவாயு எஃகை அரிப்பதில்லை. எஃகைக் கெடுப்பவை வெளியிலிருந்து வருகின்றன. சமையலறைத் தரையைக் கழுவும் நீர் அடிவளையத்துக்குள் தேங்குவதால் அடிப்பகுதி துருப்பிடிக்கிறது. சரக்குந்திலிருந்து தள்ளி இறக்கும்போதும் தெருவில் உருட்டும்போதும் நெளிவுகளும் கீறல்களும் விழுகின்றன. வால்வின் திருகுமரைகள் தேய்கின்றன. ரப்பர் வளையம் இறுகுகிறது. இவை ஒவ்வொன்றும் சிறியவை. ஆனால் ஓர் உருளை தன் வாழ்நாளில் பல வீடுகளுக்குச் சென்று வருவதால், அதன் முழு நிலையையும் எந்த ஒரு நுகர்வோரும் அறிய இயலாது. காலமுறைச் சோதனை இக்குறையை ஈடுசெய்கிறது.

குறியீட்டைப் படித்தல்

மேல்வளையத்தைத் தாங்கும் மூன்று பட்டைகளுள் ஒன்றின் உட்புறத்தில் கெடு வண்ணத்தால் எழுதப்பட்டிருக்கும். ஆண்டு நான்கு காலாண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து வழங்கப்பட்டுள்ளது.

- ஏ: ஜனவரி முதல் மார்ச் வரை
- பி: ஏப்ரல் முதல் ஜூன் வரை
- சி: ஜூலை முதல் செப்டம்பர் வரை
- டி: அக்டோபர் முதல் டிசம்பர் வரை

எழுத்தை அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் ஆகும். எடுத்துக்காட்டாக, "சி 27" என்றிருந்தால் அவ்வுருளை 2027 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் சோதிக்கப்பட வேண்டும் என்பது பொருள். 2027 அக்டோபர் மாதத்தில் இக்குறியீட்டுடன் நிரப்பப்பட்ட உருளை வீட்டு வாசலுக்கு வந்தால், அது கெடு கடந்த உருளை ஆகும்.

பட்டைகளில் வெற்று எடை, உருளையின் தொடர் எண், தயாரிப்பு விவரம் ஆகியவையும் காணப்படும். இவற்றுள் இருக்கும் பிற எண்களைக் கெடு எனப் பிழையாகக் கொள்ளும் வாய்ப்பு உண்டு. ஏ, பி, சி, டி ஆகிய எழுத்துகளுள் ஒன்றும், உடன் இரண்டு இலக்கங்களும் மட்டும் நிற்கும் குறியீட்டையே தேட வேண்டும்.

மறுசோதனை நடைபெறும் முறை

தற்போதைய நடைமுறைப்படி புதிய உருளை 10 ஆண்டுகள் கழித்தும், அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் சோதிக்கப்படுகிறது. நிரப்பு நிலையத்துக்குத் திரும்பும் வெற்று உருளைகளிலிருந்து கெடு நெருங்கியவையும் கடந்தவையும் தனியே பிரிக்கப்படும். பின்னர் அந்நிலையத்திலோ, பெசோ ஒப்புதல் பெற்ற சோதனைக் கூடத்திலோ பின்வரும் படிகள் நிகழும்.

1. எஞ்சியுள்ள எரிவாயு முழுவதும் பாதுகாப்பாக வெளியேற்றப்படும்.
2. வால்வு கழற்றப்பட்டு, பழைய வண்ணமும் துருவும் நீக்கப்படும்.
3. வெளிப்புறமும் உட்புறமும் கண்ணால் ஆராயப்படும். நெளிவு, ஆழமான கீறல், அரிப்பு, தீப்பட்ட தடம் ஆகியவை தேடப்படும்.
4. நெளிந்த மேல்வளையம், அடிவளையம் போன்றவை உரிய முறையில் செப்பனிடப்படும்.
5. உருளை நீரால் நிரப்பப்பட்டு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோகிராம் விசை என்னும் அழுத்தத்துக்கு உட்படுத்தப்படும். கசிவோ உருமாற்றமோ இருக்கக் கூடாது.
6. உட்புறம் உலர்த்தப்பட்டு வால்வு பொருத்தப்படும். காற்றழுத்தத்தால் கசிவு பார்க்கப்படும்.
7. புதிய வண்ணம் பூசி, வெற்று எடையும் அடுத்த கெடுவும் எழுதப்படும்.

ஐந்தாம் படியில் காற்றுக்குப் பதிலாக நீர் பயன்படுவதற்கு ஒரு பொறியியல் காரணம் உண்டு. காற்றை அழுத்தும்போது அது வில்லைப் போல ஆற்றலைச் சேமிக்கிறது. உருளை கிழிந்தால் அவ்வாற்றல் வெடிப்பாக வெளிப்படும். நீர் ஏறத்தாழ அழுங்குவதே இல்லை. ஆதலால் உருளை கிழிந்தாலும் நீர் சிந்துவதோடு அழுத்தம் தணிந்துவிடும்.

கழிக்கப்படும் உருளைகள்

சோதனையில் தேறாத உருளையும், வெற்று எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் இழந்த உருளையும், வேறு குறையால் பாதுகாப்பற்றதெனக் காணப்படும் உருளையும் அழிக்கப்பட வேண்டும் என விதிகள் கூறுகின்றன. எடை குறைவது எஃகு அரித்துப் போனதற்கான அடையாளம் ஆகும். வால்வைக் கழற்றிய பின் உருளையை முழுவதுமாக நசுக்க வேண்டும், அல்லது மீண்டும் பற்றவைத்து உருளையாக்க முடியாதபடி துண்டுகளாக வெட்ட வேண்டும். கழிக்கப்பட்ட உருளை பழைய இரும்புக் கடை வழியாக மறுபிறவி எடுத்துவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். நசுக்கிய எஃகு உருக்கப்பட்டு மறுசுழற்சிக்குச் செல்கிறது.

உரிமையும் வைப்புத்தொகையும்

எரிவாயு இணைப்பு பெறும்போது நுகர்வோர் செலுத்துவது உருளையின் விலை அன்று. திருப்பித் தரத்தக்க வைப்புத்தொகை ஆகும். 14.2 கிலோகிராம் உருளைக்கான வைப்புத்தொகை 2022 ஜூன் மாதத்தில் 1450 ரூபாயிலிருந்து 2200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பழைய இணைப்பு உள்ளோருக்கு அவர்கள் சேர்ந்த காலத்தில் செலுத்திய தொகையே கணக்கில் இருக்கும். இணைப்பு ஆவணத்தில் இத்தொகை குறிக்கப்பட்டிருக்கும். இணைப்பை முடித்து உருளையையும் ரெகுலேட்டரையும் ஒப்படைப்போருக்கு அத்தொகை திருப்பித் தரப்படும்.

இதனால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, கெடு கடந்த உருளையை மாற்றித் தருவதற்கோ சோதிப்பதற்கோ நுகர்வோரிடம் கட்டணம் பெற இடமில்லை. இரண்டாவதாக, பயன்படாத உருளையை நுகர்வோர் விற்க உரிமை இல்லை. மூன்றாவதாக, பூட்டிய வீட்டில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பழைய உருளையும் நிறுவனத்தின் உடைமையே. பெற்றோர் மறைந்த பின்னரோ வெளியூருக்குக் குடிபெயர்ந்த பின்னரோ இவ்வாறு உருளைகள் தங்கிவிடுவதுண்டு. ஆவணம் கிடைக்காவிடினும், உருளையிலுள்ள நிறுவனப் பெயரைக் கொண்டு உரிய முகவரை அணுகி, இணைப்பு யார் பெயரில் இருந்தது என்பதைத் தெரிவித்துப் பதிவேட்டில் தேடச் செய்யலாம்.

தேனி மாவட்டமும் கம்பம் பள்ளத்தாக்கும்

தேனி மாவட்டம் மதுரை மாவட்டத்திலிருந்து 1996ஆம் ஆண்டு பிரிக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலைத் தொடருக்கும் இடையே அமைந்த கம்பம் பள்ளத்தாக்கு இதன் தென்பகுதி ஆகும். தேனியிலிருந்து குமுளி செல்லும் சாலை வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்கள் வழியாக இப்பள்ளத்தாக்கின் நெடுகச் செல்கிறது. முல்லைப் பெரியாற்று நீரால் நெல்லும் திராட்சையும் வாழையும் விளையும் பகுதி இது.

அருகிலுள்ள நிரப்பு நிலையங்களுள் ஒன்று மதுரையை அடுத்த கப்பலூரில் உள்ளது. வெற்று உருளைகள் முகவர் கிடங்கிலிருந்து நிரப்பு நிலையத்துக்குத் திரும்பினால்தான் சோதனைச் சுழற்சி நடைபெறும். நகரத்தில் மாதந்தோறும் மாற்றப்படும் உருளை இச்சுழற்சியில் இயல்பாகவே சிக்கிவிடுகிறது. விறகையும் எரிவாயுவையும் கலந்து பயன்படுத்தும் மலையடிவார வீடுகளில் நிலைமை வேறு. அங்கே ஓர் உருளை பல மாதங்கள் தீராமல் நிற்கும். இரண்டாவது உருளை அதைவிட நீண்ட காலம் கிடக்கும். கெடு வீட்டிலேயே கடந்துபோகும் வாய்ப்பு இத்தகைய வீடுகளில் மிகுதி.

பள்ளத்தாக்கில் உருளைகள் வீட்டை விட்டு வெளியே செல்லும் சூழல்களும் உண்டு. அவற்றுள் சில:

- கம்பம், கூடலூர், போடிநாயக்கனூர் பகுதிகளிலிருந்து இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர் சென்றுவருகின்றனர். தோட்டங்களில் தங்குவோருக்குத் தற்காலிகச் சமையல் தேவைப்படுகிறது.
- கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை செல்லும் பக்தர்களின் வண்டிகள் தேனி, கம்பம், குமுளி வழியே செல்கின்றன. வழியில் சமைத்து உண்பதற்காக அடுப்பும் உருளையும் எடுத்துவரும் குழுக்கள் உள்ளன.
- சித்திரைத் திருவிழாவின்போது வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலைச் சுற்றித் தற்காலிகக் கடைகள் அமைகின்றன.

இத்தகைய இடங்களில் பயன்படும் உருளை யாருடையது, அதன் கெடு எது, கடைசியாக அதை நிரப்பியவர் யார் என்னும் கேள்விகளுக்கு விடை கிடைப்பது அரிதாகலாம். ஓர் உருளையின் பாதுகாப்பை வெளியிலிருந்து அறிய இம்மூன்று விடைகளே வழி.

பெயரில்லாச் சிற்றுருளைகள்

2 அல்லது 3 கிலோகிராம் கொள்ளும் சிறு உருளைகள், மேலே அடுப்பு பொருத்தும் அமைப்புடன் பல ஊர்களில் பாத்திரக் கடைகளில் விற்கப்படுகின்றன. ஒற்றை அறையில் தங்கும் தொழிலாளர்கள், மாணவர்கள், தள்ளுவண்டிக் கடையினர் ஆகியோர் இவற்றை வாங்குவதுண்டு. நிலையான முகவரி இல்லாதோருக்கு வழக்கமான இணைப்பு பெறுவது கடினமாக இருந்ததும், முழு உருளைக்கு ஒரே நேரத்தில் பணம் செலுத்த இயலாததும் இதற்குக் காரணங்கள். இவற்றை வாங்குவோரின் தேவை உண்மையானது.

எனினும் இவ்வுருளைகளுக்கு எண்ணெய் நிறுவனங்களின் நிரப்பு நிலையத்தில் இடமில்லை. வீட்டு உருளையைத் தலைகீழாகக் கவிழ்த்து, குழாய் வழியாகச் சட்டத்துக்கு மாறாக இவை நிரப்பப்படுகின்றன. அப்போது நிகழும் கசிவு முதல் ஆபத்து. எடை பாராமல் விளிம்பு வரை நிரப்புவதால் ஆவிக்குரிய இடம் அற்றுப்போவது இரண்டாவது ஆபத்து. எத்தனை ஆண்டு ஆயினும் நீரழுத்தச் சோதனை நடவாதது மூன்றாவது ஆபத்து. உண்மையான பொருளில் "காலாவதியான உருளை" எனத் தக்கவை இவையே.

2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை தொடர்வண்டி நிலையப் பகுதியில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பற்றி, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த பயணிகள் 9 பேர் உயிரிழந்தனர். சட்டத்துக்கு மாறாகப் பெட்டியில் எடுத்துவரப்பட்ட எரிவாயு உருளையே காரணம் எனத் தெற்கு ரயில்வே தெரிவித்தது. இவ்விபத்து சோதனைக் கெடுவைப் பற்றியது அன்று. ஆயினும் முறையான இடத்துக்கும் கண்காணிப்புக்கும் வெளியே செல்லும் உருளை எத்தகைய விளைவைத் தரும் என்பதை இது காட்டியது.

இதற்கு முறையான மாற்று, எண்ணெய் நிறுவனங்கள் வழங்கும் 5 கிலோகிராம் உருளை ஆகும். முகவரிச் சான்று இன்றி, ஓர் அடையாளச் சான்றை மட்டும் காட்டி வாங்கத்தக்க 5 கிலோகிராம் உருளைகளின் விற்பனை 2013 அக்டோபரில் தொடங்கியது. இந்தியன் ஆயில் நிறுவனம் 2020ஆம் ஆண்டு இதற்குச் "சோட்டு" எனப் பெயரிட்டது. இவ்வுருளை நிறுவனத்தின் நிரப்பு நிலையத்திலேயே நிரப்பப்படுவதால் எடையும் கெடுவும் கண்காணிப்பில் இருக்கும்.

நுகர்வோர் செய்ய வேண்டியவை

உருளையைப் பெறும்போது:

- பட்டையிலுள்ள கெடுவைப் படிக்க வேண்டும். கடந்திருந்தால் வாங்க மறுத்து வேறு உருளை கேட்கலாம்.
- முத்திரை கலையாமல் உள்ளதா எனப் பார்த்து, எடை போட்டுக் காட்டச் சொல்லலாம். வெற்று எடையுடன் 14.2 கிலோகிராம் சேர்த்தால் வரும் தொகையே சரியான எடை.
- வால்வின் ரப்பர் வளையம் உள்ளதா, கசிவு உள்ளதா எனக் கொண்டுவருபவரைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.
- அடிப்பகுதியில் கடும் துருவோ உடலில் ஆழமான நெளிவோ இருந்தால், கெடு கடவாவிடினும் மறுக்கலாம்.

வீட்டில் இருக்கும்போது கெடு கடந்தால்:

- விதி தடுப்பது கெடு கடந்த உருளையை மீண்டும் நிரப்புவதை ஆகும். கெடுவுக்கு முன் நிரப்பி வந்த உருளை, கெடு நாளன்று திடீரென ஆபத்தானதாக மாறிவிடுவதில்லை.
- கசிவோ சிதைவோ இல்லையெனில், எரிவாயு தீர்ந்ததும் வழக்கம்போல் திருப்பித் தரலாம். நெடுங்காலமாகப் பயன்படாமல் நிற்கும் உருளையாயின் முகவரிடம் தெரிவித்து மாற்றிக்கொள்வது நல்லது.
- கசிவு தெரிந்தால் ரெகுலேட்டரை மூடி, தீயை அணைத்து, கதவு சன்னல்களைத் திறந்து, மின் விசைகளைத் தொடாமல் வெளியேற வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். கசிவு குறித்து 1906 என்னும் எண்ணிலும், தீ விபத்துக்கு 101 என்னும் எண்ணிலும் தெரிவிக்கலாம்.

செய்யக்கூடாதவை:

- பழைய இரும்புக் கடையில் போடுதல். "காலி" எனத் தோன்றும் உருளையிலும் எரிவாயுவின் ஆவி எஞ்சியிருக்கும். வெட்டும் தீப்பொறி அதனைப் பற்றவைக்கும்.
- அறுத்து அடுப்பாகவோ தொட்டியாகவோ மாற்றுதல்.
- எஞ்சிய எரிவாயுவைத் திறந்துவிட்டு வெளியேற்ற முயலுதல்.
- வால்வைக் கழற்றுதல், துருவைச் சுரண்டி வீட்டிலேயே வண்ணம் பூசுதல். பூசிய வண்ணம் குறையையும் குறியீட்டையும் மறைத்துவிடும்.

அடுப்பையும் ரெகுலேட்டரையும் இணைக்கும் ரப்பர் குழாய்க்கு இருப்பதுதான் உண்மையான காலாவதி. அதைச் சோதித்து மீண்டும் பயன்படுத்த இயலாது. நிறுவனங்கள் அதனை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற அறிவுறுத்துகின்றன. வெடிப்போ இறுக்கமோ தெரிந்தால் அதற்கு முன்னரே மாற்ற வேண்டும்.

பிற நாடுகளில்

அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் வீட்டு முற்றத்தில் இறைச்சி வாட்டும் அடுப்புகளுக்குப் பயன்படும் புரொப்பேன் தொட்டி பெரும்பாலும் 20 பவுண்டு (ஏறத்தாழ 9 கிலோகிராம்) கொள்ளும். அங்கு அத்தொட்டி வாங்கியவருக்கே சொந்தம். எனவே கழுத்து வளையத்தில் பொறிக்கப்பட்ட தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பார்த்து, மறுசோதனைக்கு அனுப்புவதும் கழிப்பதும் உரிமையாளரின் பொறுப்பு ஆகிறது. கனடாவில் இக்கால அளவு 10 ஆண்டுகள். கெடு கடந்த தொட்டியை நிரப்பு நிலையங்கள் நிரப்புவதில்லை. கடைகளில் கொடுத்து நிரப்பிய வேறு தொட்டியைப் பெறும் மாற்று முறையும், உள்ளாட்சிகளின் அபாயக் கழிவுச் சேகரிப்பு நிலையங்களும் அங்குள்ள வழிகள். குப்பைத் தொட்டியில் இடுவது அங்கும் தவறு. அமெரிக்காவில் 2002 ஏப்ரல் முதல், அளவுக்கு மீறி நிரம்புவதைத் தடுக்கும் வால்வு இல்லாத சிறு தொட்டிகளை நிரப்புவதும் தடை செய்யப்பட்டது.

இலங்கையில் 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் சமையல் எரிவாயு தொடர்பான வெடிப்புகளும் தீ விபத்துகளும் தொடர்ச்சியாக நிகழ்ந்தன. கலவையில் புரொப்பேனின் பங்கு மாறியது குறித்து அப்போது ஆராயப்பட்டது. புரொப்பேன் மிகுந்தால் உள்ளழுத்தம் கூடும். அதற்கேற்ப வால்வும் இணைப்புகளும் உறுதியாக இருக்க வேண்டும். உருளை மட்டுமன்றி உள்ளிருக்கும் கலவையும் பாதுகாப்பின் ஒரு பகுதி என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்தின.

தவறான கருத்துகள்

- "கெடு கடந்த உருளை வெடித்துவிடும்": 2000களில் மின்னஞ்சல் வழியாகவும் பின்னர் கைபேசிச் செய்திகள் வழியாகவும் பரவிய இக்கருத்து சரியன்று. பெரும்பாலான வீட்டு விபத்துகள் குழாய், ரப்பர் வளையம், அடுப்பு ஆகியவற்றில் ஏற்படும் கசிவாலேயே தொடங்குகின்றன.
- "கெடு வெறும் சடங்கு": இதுவும் சரியன்று. துருவும் நெளிவும் வெளியே தெரியாமல் வளரக்கூடியவை.
- "புதிய வண்ணம் பூசியது புதிய உருளை": மறுசோதனைக்குப் பின் எல்லா உருளைகளும் புதிய வண்ணம் பெறுகின்றன. வயதைத் தயாரிப்பு விவரத்தைக் கொண்டே அறிய வேண்டும்.
- "கண்ணாடியிழை உருளைக்குச் சோதனை இல்லை": 2021 முதல் இந்தியன் ஆயில் வழங்கும் இவ்வகை உருளை துருப்பிடிப்பதில்லை; எனினும் காலமுறைச் சோதனை இதற்கும் உண்டு.

இவற்றையும் பார்க்க

- நீர்மப் பெட்ரோலிய வாயு
- புரொப்பேன்
- தேனி மாவட்டம்
- கம்பம் பள்ளத்தாக்கு
- தீயணைப்பு